கையால் படிக்கும் கதை

காஞ்சீபுரத்துக்கு வருகிறவர்கள் சாதாரணமாக மூன்று காரியங்களை உத்தேசித்து வருகிறார்கள். காமாக்ஷியைத் தரிசிப்பது ஒன்று. வரதராஜரைத் தரிசிப்பது ஒன்று. கல்யாணத்துக்குப் பட்டு எடுப்பது ஒன்று. மூன்றாவது காரியத்துக்கே பொழுதெல்லாம் போய்விடுகிறபடியால், வைகுண்டப் பெருமாள் கோயிலை எட்டிப் பார்ப்பவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரிலும், திருச்சுற்று மாளிகையில் நின்று நிதானமாகச் சுவரைப் பார்ப்பவர்கள் இன்னும் சிலரே.

ஆனால் பார்க்கவேண்டிய சுவர் அது! எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் என்ற பல்லவ அரசன் எடுப்பித்த கோயில் இது. சிங்கத் தூண்களுக்குப் பின்னால், மேலும் கீழுமாக இரண்டு வரிசைகளில், பல்லவர் வம்சத்தின் கதையைக் கல்லிலே செதுக்கி வைத்திருக்கிறார்கள். புராண காலத்து மூதாதையரில் தொடங்கி, பட்டாபிஷேகங்கள், யுத்தங்கள், தூதுகள் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் காட்சிகள் வருகின்றன. இந்தக் கதையை உட்கார்ந்த இடத்தில் இருந்துகொண்டு படிக்க முடியாது. கால் நடந்தால்தான் கதையும் நடக்கும். நீங்கள் நின்றால் அரசனும் அங்கேயே நின்றுவிடுவான்.

அந்தக் கதையிலே மிகவும் ருசியான கட்டம் ஒரு சிறு பையனைப் பற்றியது. இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசு இல்லாமல் மாண்டு போகிறான். காஞ்சீபுரத்துப் பெரியவர்கள் கூடி, தொலைதூரத்தில் இருந்த பல்லவக் கிளையைச் சேர்ந்த ஹிரண்யவர்மனிடம் போய், அவனுடைய குமாரர்களில் ஒருவனை அரசனாகத் தரும்படி வேண்டுகிறார்கள். அண்ணன்மார் மூவரும் பின்வாங்குகிறார்கள். பன்னிரண்டே வயதான கடைக்குட்டி, "நான் போகிறேன்" என்கிறான். தகப்பனுக்கு மனம் வரவில்லை. பிறகு ஒருவாறு இசைகிறான். பையன் மலையும் ஆறும் காடும் தாண்டிக் காஞ்சீபுரம் வந்து முடி சூடுகிறான். கோயிலை எடுப்பித்த நந்திவர்மன் அந்தப் பையனேதான்!

இந்தச் சிற்பங்களிற் சிலவற்றின் அருகே சிறு சிறு கல்வெட்டு வாசகங்கள் உண்டு. பலவற்றின் அருகே ஒன்றுமே இல்லை. எது யுத்தம், எது யாத்திரை, அமர்ந்திருப்பவர் யார், வணங்கி நிற்பவர் யார் என்பதையெல்லாம் ஊகித்து ஊகித்தே கண்டுபிடிக்கவேண்டியிருந்தது. அந்த வேலையை விரிவாகச் செய்து புஸ்தகமாக எழுதியவர் டாக்டர் சி. மீனாக்ஷி என்ற தமிழ்நாட்டுப் பெண்மணி. அவர் 1940-ஆம் வருஷம் இளம் வயதிலேயே காலமானார். இந்தச் சிற்பங்களைப் பற்றிய அவருடைய நூல் மறுவருஷம், 1941-இல், தொல்பொருள் இலாகாவின் வெளியீடாக வந்தது. ஒரு சுவரைப் புதிராக எண்ணி, அதை அங்குலம் அங்குலமாக அவிழ்த்த பெருமை அவரைச் சேரும்.

இந்தப் பழைய சங்கதிக்கும், தலைமுறை மாறி வந்த ஒரு ஜப்பானிய விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். கதை, புதிர், அதை அவிழ்ப்பதற்கு ஆடுபவரின் உடம்பே அசைந்தாகவேண்டும் என்ற நிபந்தனை ஆகிய மூன்றும் அங்கேயும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன என்பதுதான் சம்பந்தம்.

ஆஷ்லி என்ற பெண்

வீடியோ விளையாட்டு என்றதும் நம்மில் பெரியவர்களுக்குத் துப்பாக்கிச் சத்தந்தான் ஞாபகம் வருகிறது. பிள்ளைகள் இரவெல்லாம் கண்விழித்து யாரையோ சுட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தாய்மார்கள் முறையிடுகிறார்கள். அந்த முறையீட்டில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் சுடுவதற்கு ஒருவருமே இல்லாத விளையாட்டுகளும் உண்டு. அவற்றிலே ஒரு கதை நடக்கும். நடுநடுவே பூட்டிய கதவு, கிழிந்த கடிதம், விளங்காத அடையாளம் என்று ஏதாவது ஒன்று குறுக்கே நிற்கும். அதை யோசித்து அவிழ்த்தால்தான் கதை மேலே செல்லும். நாவலும் விடுகதையும் சேர்ந்து செய்த பண்டம் என்று சொல்லலாம்.

ஜப்பானில் ஃபுக்குவோக்கா நகரத்தில் சிங் என்ற சிறு கம்பெனி இவ்வகை விளையாட்டுகளில் பெயர் பெற்றிருந்தது. அவர்கள் செய்து, நின்டெண்டோ கம்பெனி வெளியிட்ட "அனதர் கோட்" என்ற விளையாட்டு 2005-இல் வந்தது. கதாநாயகி ஆஷ்லி என்ற பெண். பதினாலாவது பிறந்த நாளுக்கு முதல் நாள் அவள் ஒரு தீவுக்கு வருகிறாள். சிறு குழந்தையாக இருந்தபோதே அவளுடைய தாயார் இறந்துவிட்டார். தகப்பனாரும் இறந்ததாகவே எண்ணியிருந்தவளுக்கு, "இங்கே இருக்கிறேன், வா" என்று அவரிடமிருந்து செய்தி வருகிறது. தீவிலோ தகப்பனாரைக் காணோம்! தன் பெயரையே மறந்துபோன ஒரு சிறுவனின் ஆவிதான் அவளுக்குத் துணை. மனிதருடைய ஞாபகங்களை ஆராயும் ஒரு யந்திரத்தைச் சுற்றிக் கதை சுழல்கிறது.

அந்த விளையாட்டை ஆடிய கருவி, இரண்டு திரைகளுள்ள சிறு பெட்டி. புஸ்தகத்தைப் போல மூடித் திறக்கலாம். கதையில் ஒரிடத்தில் எவ்வளவு யோசித்தாலும் வழி புலப்படாது. கடைசியில், கையிலுள்ள பெட்டியையே மூடித் திறந்தால், ஒரு திரையில் இருந்தது மற்றத் திரையில் முத்திரை போலப் பதிந்து விடை கிடைக்கும். மூளையினால் ஆகாத காரியம் கையினால் ஆகிவிடுகிறது. இந்த யுக்தியை முதன்முதலில் கண்டுபிடித்தவர்களுக்கு உண்டான சந்தோஷம் இவ்வளவு அவ்வளவல்ல.

இதன் தொடர்ச்சி 2009-ஆம் வருஷம் பிப்ரவரியில் ஜப்பானிலும், பிறகு ஐரோப்பாவிலும் வெளியாயிற்று. "அனதர் கோட் ஆர்" என்று பெயர். இப்போது ஆஷ்லிக்குப் பதினாறு வயது. தகப்பனார் உயிரோடு இருக்கிறார். ஆனால் ஆராய்ச்சி ஆராய்ச்சி என்று மறுபடியும் விலகிப் போய்விட்டார். ஒரு ஏரிக்கரையில் தன்னோடு வந்து தங்கும்படி அவர் கூப்பிடுகிறார். வேண்டா வெறுப்பாக வந்து பஸ்ஸைவிட்டு இறங்கியதும் பெண்ணுடைய பை திருட்டுப் போகிறது. பையைத் தேடப் போனவள், காணாமற்போன தன் தகப்பனைத் தேடும் மாத்யூ என்ற பையனைச் சந்திக்கிறாள். அந்த ஏரிக்கரைக்குத் தான் குழந்தையாயிருந்தபோது தாயாரோடு வந்திருப்பது அவளுக்குச் சிறிது சிறிதாக ஞாபகம் வருகிறது.

முதற் கதையில் தகப்பனைத் தேடிய பெண், இரண்டாவது கதையில் தகப்பனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தேடுகிறாள். தொடர்கதை எழுதுகிறவர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் இது. பழைய ஆபத்தையே பெரிதாக்கிக் காட்டாமல், பழைய கதை முடிந்த இடத்தில் வீட்டுக்குள்ளே புதிதாக என்ன துன்பம் முளைக்கும் என்று யோசித்திருக்கிறார்கள். ஆங்காங்கே பேச்சு அதிகம், நடை மெதுவு என்று குறை சொன்னவர்களும் உண்டு. நம் வார இதழ்த் தொடர்கதைகளைப் படித்துப் பழகியவர்களுக்கு அந்தக் குறை பெரிதாகத் தோன்றாது!

கோல் எப்படி அறிகிறது?

இந்தத் தொடர்ச்சியை ஆடுவதற்குப் புத்தகம் போன்ற பெட்டி உதவாது. 2006-இல் நின்டெண்டோ வெளியிட்ட "வீ" என்ற கருவியில் ஆடவேண்டும். உலகமெங்கும் பத்துக் கோடிக்குமேல் விற்ற கருவி அது. டெலிவிஷன் பெட்டிக்கு எதிரே நின்று, கையில் ஒரு சிறு வெள்ளைக் கோலைப் பிடித்துக்கொள்ளவேண்டும். கோலைச் சாய்த்தால், திருப்பினால், குலுக்கினால், அந்த அசைவு கதைக்குள்ளே போய்விடும். திரையிலுள்ள ஒரு பொருளைச் சுட்டவேண்டுமானால் கோலை அதன் பக்கம் நீட்டினால் போதும். வேடிக்கை என்னவென்றால், கதைக்குள்ளே ஆஷ்லி கையில் இருக்கும் மாயச் சாவியும் ஏறக்குறைய இந்தக் கோலின் வடிவமாகவே இருக்கும். ஆகவே அவள் கை எது, நம் கை எது என்ற பேதம் சிறிது நேரத்தில் மறந்துபோகும்.

கோலுக்கு நம் கையின் அசைவு எப்படித் தெரிகிறது? பஸ் திடீரென்று புறப்பட்டால் நின்றுகொண்டிருப்பவர் பின்னால் சாய்கிறார் அல்லவா? அதே தத்துவந்தான். கோலுக்குள் மிக மிகச் சிறிய சிலிக்கன் துண்டு ஒன்று, மெல்லிய வில்களில் தொங்குகிறது. கையை வீசினால் கோல் நகர்கிறது; துண்டு சற்றே பின்தங்குகிறது. பின்தங்கும்போது பக்கத்துத் தகடுகளுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மாறுகிறது. அதனால் மின்சாரக் கணக்கும் மாறுகிறது. அந்த மாற்றத்தை அளந்தால் கையின் வேகம் எவ்வாறு மாறிற்று என்று தெரிந்துவிடும். கோல் அசையாமல் இருக்கும்போதும் பூமி அந்தத் துண்டை இழுத்துக்கொண்டிருக்கிறபடியால், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதும் விளங்கும்.

சுட்டுவதற்கு வேறொரு தந்திரம். டெலிவிஷனுக்கு மேலோ கீழோ வைக்கும் ஒரு பட்டையின் இரு முனைகளிலிருந்தும் கண்ணுக்குப் புலனாகாத ஒளி வீசுகிறது. கோலின் நுனியிலுள்ள காமிரா அந்த இரண்டு ஒளிப் புள்ளிகளையும் பார்க்கிறது. அவை எங்கே தென்படுகின்றன என்பதை வைத்துக்கொண்டு, கை எந்த இடத்தைச் சுட்டுகிறது என்று கணக்கிடுகிறது. கப்பலோட்டி இரண்டு கலங்கரை விளக்கங்களைப் பார்த்துத் தான் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்வதைப் போலத்தான்.

இதிலுள்ள ரகசியம் ஒன்று உண்டு. பொத்தானை அழுத்துவது எல்லாக் காரியத்துக்கும் ஒன்றேதான். கதவைத் திறந்தாலும் பொத்தான், தண்ணீர் ஊற்றினாலும் பொத்தான். கையை உண்மையாகவே சாய்த்து ஊற்றும்போது, எவ்வளவு சாய்த்தால் சிந்தும், எங்கே நிறுத்தவேண்டும் என்பதைக் கை தானாகவே கற்றுக்கொள்கிறது. அந்த அறிவை வார்த்தையால் சொல்லிக்கொடுப்பது மெத்தக் கடினம். தோசை வார்க்கத் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். "மாவு பதமாக இருக்கவேண்டும்" என்பார்கள். பதம் என்றால் என்னவென்று கேட்டால், கரண்டியை நம் கையில் கொடுத்துவிடுவார்கள்!

இரண்டு பட்டு நகரங்கள்

மேலே சொன்ன நின்டெண்டோ கம்பெனி பிறந்த ஊர் கியோத்தோ. காஞ்சீபுரத்துக்கு ஜப்பானிலே ஒரு தங்கை உண்டென்றால் அது கியோத்தோதான். ஆயிரம் வருஷங்களுக்கு மேல் தலைநகராயிருந்த பட்டணம். தெருவுக்குத் தெரு கோயில். நிஷிஜின் என்ற பேட்டையில் தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெசவு. அந்த ஊரில் 1889-ஆம் வருஷம் ஃபுஸாஜிரோ யமவுச்சி என்பவர் சீட்டு அட்டைகள் செய்யும் கடையொன்றை ஆரம்பித்தார். வருஷத்தின் பன்னிரண்டு மாதங்களுக்கும் மாதத்துக்கு நாலாக, மலர்கள் தீட்டிய 48 சீட்டுகள் கொண்ட கட்டு. அட்டை விற்ற அந்தக் கடைதான் பிற்காலத்தில் பொம்மைகள் செய்து, பிறகு மின்சார விளையாட்டுகள் செய்து, உலகத்தையே ஆட்டிவைக்கும் கம்பெனியாயிற்று.

கியோத்தோவுக்கு வேறொரு அட்டையோடும் சம்பந்தம் உண்டு. பிரான்ஸ் தேசத்து லியோன் நகரத்தில் ஜோஸப் மரீ ஜக்கார்டு என்பவர் 1804-இல் ஒரு தறி அமைப்பைச் செய்தார். துளையிட்ட அட்டைகளைக் கோத்துத் தறியின்மேல் தொங்கவிட்டால், துளை இருக்கும் இடத்தில் ஒருவகையாகவும் இல்லாத இடத்தில் வேறுவகையாகவும் பாவு நூல்கள் உயர்ந்து தாழ்ந்து, பூவும் கொடியும் தாமே விழும். 1872-இல் கியோத்தோ சர்க்கார் மூன்று பேரை லியோனுக்கு அனுப்பி இந்த வித்தையைக் கற்று வரச் செய்தது. மூவரில் ஒருவர் திரும்பும் வழியில் கப்பல் உடைந்து மாண்டுபோனார். அப்படி உயிரைக் கொடுத்துச் சம்பாதித்த அட்டைத் தறி அங்கே வேரூன்றியது.

காஞ்சீபுரத்துத் தறிகளிலும் இதே ஜக்கார்டு அட்டைகள் தொங்குவதைக் காணலாம். அதற்கு முன்பெல்லாம் பூ வேலைக்குக் கயிறுகளைக் கட்டி, நெய்பவர் சொல்லச் சொல்ல ஒரு பையன் உட்கார்ந்து அவற்றை இழுக்கவேண்டியிருந்தது. அட்டை வந்து அந்தப் பையனுக்கு விடுதலை கொடுத்தது. இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணித யந்திரத்துக்கு இந்தத் துளை அட்டைகளையே பயன்படுத்த எண்ணினார். 1843-இல் அதைப் பற்றி எழுதிய ஏடா லவ்லேஸ் சீமாட்டி, யந்திரத்தின் வேலையை ஜக்கார்டு தறியின் வேலையோடு ஒப்பிட்டார். இன்றைய கம்ப்யூட்டருக்கும், அதனாலாகும் வீடியோ விளையாட்டுக்கும் தறி ஒருவகையில் பாட்டி முறை ஆகவேண்டும்.

ஆனால் அட்டையால் ஆகாத ஒரு வேலை காஞ்சிப் பட்டில் இருக்கிறது. அதற்குக் கோர்வை என்று பெயர். உடல் ஒரு வர்ணம், கரை வேறு வர்ணம். இரண்டும் சேரும் இடத்தில் ஒன்றோடொன்று நூல் கோத்துப் பிணையவேண்டும். இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். குழித்தறியில் நெய்பவர் ஒரு பக்கம் இருக்க, மறுபக்கத்தில் ஒரு துணையாள் உட்கார்ந்து கரைக்கு நாடாவைப் போட்டு வாங்குவார். இருவர் கையும் ஒரே தாளத்தில் போகவேண்டும்; ஒருவர் அரை விநாடி தாமதித்தாலும் கோர்வை கோணிப்போகும். துணைக்கு உட்காருபவர் பெரும்பாலும் வீட்டிலுள்ளவரே. அப்படி உட்கார்ந்து உட்கார்ந்துதான் பிள்ளைகள் அந்தக் காலத்தில் நெசவு கற்றார்கள். அவர்களுக்குப் பாடப் புஸ்தகம் கிடையாது. பக்கத்திலிருந்த கைதான் புஸ்தகம்.

காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு என்ற சட்டப் பாதுகாப்பு கிடைத்துச் சுமார் இருபது வருஷங்கள் ஆகின்றன. பெயரைக் காப்பாற்றச் சட்டம் போதும். கையைக் காப்பாற்ற அது போதாது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று காலேஜுக்குப் போகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் போகிறார்கள். போகக்கூடாது என்று சொல்ல நாம் யார்? குழித்தறியில் முதுகு வளைந்து உட்காருவதன் கஷ்டம், கடையில் விலை பேசுகிறவர்களுக்குத் தெரியாது. ஆனால் எதிர்ப்பக்கத்து இடம் காலியாகும்போது, கையோடு கையாக வந்த அறிவு எங்கே போகும் என்ற கேள்வி நிற்கத்தானே செய்கிறது?

வெண்பா

இந்தக் கேள்வியை வேறு ரூபத்தில், நம் பாஷையிலேயே கேட்ட ஒரு விளையாட்டு உண்டு. கானடா தேசத்து டொராண்டோ நகரில் "விசை" என்று தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்ட சிறு கூட்டத்தார் அதைச் செய்தார்கள். 2023-ஆம் வருஷம் ஜூலை 31-ஆம் தேதி வெளியான அந்த விளையாட்டுக்கு "வெண்பா" என்று பெயர். வெண்பா என்பது கதாநாயகியின் பெயர். 1980-களில் கணவர் பாவலனோடு கானடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்ப் பெண் அவள். அவர்களுக்குக் கவின் என்று ஒரு பிள்ளை பிறக்கிறான்.

இதிலே கோலை வீசுவது இல்லை. அடுப்பங்கரையில் பாத்திரங்களையும் பண்டங்களையும் எடுத்து எடுத்து வைக்கவேண்டும். தாயார் கொடுத்த சமையற் குறிப்பு ஏடு வெண்பாவிடம் இருக்கிறது. ஆனால் பக்கங்கள் கிழிந்தும் அழிந்தும் போயிருக்கின்றன. அழிந்துபோன இடத்தில் என்ன எழுதியிருந்திருக்கும் என்பதே புதிர். முதற் புதிர் இட்டிலி. தட்டுகளை எந்த முறையில் அடுக்கினால் ஆவி சரியாக ஏறும் என்று கண்டுபிடிக்கவேண்டும். பின்னால் புட்டு, பிரியாணி என்று வளர்கிறது. நம் வீட்டுப் பெண்களுக்கு இது ஒரு புதிரா என்று சிரிப்பு வரலாம். கடல் கடந்த ஊரில், கேட்பதற்குத் தாயார் பக்கத்தில் இல்லாதபோதுதான் அது புதிராகிறது.

பிள்ளை வளர வளர அவனுக்குத் தமிழ் தூரமாகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மத்தியில் வீட்டுச் சாப்பாட்டைத் திறக்கவே அவனுக்கு வெட்கம். பிற்பாடு ஒரு கட்டத்தில் ஆட்டமே கவினுடைய கைக்கு மாறுகிறது. அதே ஏடு; அதே அடுப்பு. ஆனால் தாய் படித்த எழுத்தை அவனால் அரைகுறையாகத்தான் படிக்க முடிகிறது. பக்கம் கிழிந்ததனால் உண்டான புதிரைத் தாய் அவிழ்த்தாள். பாஷை கிழிந்ததனால் உண்டான புதிரைப் பிள்ளை அவிழ்க்கவேண்டியிருக்கிறது.

இரண்டு மணி நேரத்துக்குள் ஆடி முடித்துவிடக்கூடிய இந்தச் சிறு விளையாட்டு, 2024-இல் சுயேச்சை விளையாட்டுகளுக்கான சர்வதேச விழாவில் பெரும் பரிசைப் பெற்றது. அதே வருஷம் பிரிட்டிஷ் அகாடமி, புதியவர்கள் செய்த முதற் படைப்புக்கான விருதை அதற்கு வழங்கியது. இட்டிலித் தட்டை அடுக்குவது உலகத்துக்கே கதையாயிற்று என்றால், வரதராஜப் பெருமாளுக்கு மிளகும் சுக்கும் சீரகமும் சேர்த்து, மூங்கிற் குடலையில் இலை பரப்பி வேகவைத்து நிவேதனம் செய்யும் காஞ்சீபுரம் இட்டிலிக்கு எத்தனை பெரிய புராணம் எழுதலாம்!

மூடிய கடையும் மாறிய புதிரும்

ஆஷ்லியின் கதையைச் செய்த சிங் கம்பெனிக்கு என்ன நேர்ந்தது? தொடர்ச்சி வெளியாகி ஒரு வருஷத்துக்குச் சற்று அதிகமாயிற்று. 2010 மார்ச்சு மாதத்தில் கம்பெனி திவாலாகிவிட்டது. அமெரிக்காவில் அந்தத் தொடர்ச்சி வெளியாகவே இல்லை. பெட்டியும் கோலும் கடைகளிலிருந்து மெல்ல மறைந்தன. விளையாட்டை விரும்பியவர்கள் பழைய கருவியைத் தேடிப் பிடித்து வைத்துக்கொண்டால்தான் உண்டு என்றாயிற்று.

பதினான்கு வருஷங்கள் கழித்து, 2024 ஜனவரி 19-ஆம் தேதி, இரண்டு கதைகளையும் ஒன்றாகச் சேர்த்து, "ரீகலெக்ஷன்" என்ற பெயரில் ஸ்விட்ச் என்ற கருவிக்காகப் புதிதாக வெளியிட்டார்கள். பழைய கம்பெனியில் இருந்தவர்களிற் சிலரும் அதில் வேலை செய்தார்கள். படங்கள் அழகாயின, பாத்திரங்கள் பேசத் தொடங்கினார்கள். ஆனால் புதிர்களை மட்டும் பெரும்பாலும் மாற்றவேண்டி வந்தது. மூடித் திறக்கும் பெட்டியே இல்லாத கருவியில், பெட்டியை மூடித் திறக்கும் புதிரை எப்படி வைப்பது? கதையைக் காப்பாற்ற முடிந்தது. கை கண்டுபிடித்த அந்தப் பழைய சந்தோஷத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

இதைப் படிக்கும்போது நமக்குத் தறியின் ஞாபகம் வராமல் இருக்க முடியாது. பட்டின் வர்ணத்தையும் பூவையும் படம் பிடித்து வைக்கலாம்; ஜரிகையின் எடையைக் குறித்து வைக்கலாம்; பிட்னி போட்டு முந்தானையைச் சேர்க்கும் விதத்தைப் பக்கம் பக்கமாக எழுதலாம். அவ்வளவும் அவசியந்தான். ஆயினும் எழுதி வைத்த ஏட்டைப் பிற்காலத்தில் எடுத்துப் படிப்பவர் கவினைப் போலத்தான் விழிப்பார், நாடா பிடித்த கை ஒன்று அவருக்கு அருகில் இல்லாவிட்டால்.

ஆகவே நம் தேசத்து இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. புனாவிலும் பெங்களூரிலும் சென்னையிலும் வீடியோ விளையாட்டுச் செய்யக் கற்றவர்கள் இன்று எத்தனையோ பேர். கதைக்குப் பஞ்சம் என்று அவர்கள் அலையவேண்டியதில்லை. பன்னிரண்டு வயதுப் பையன் காடு மலை தாண்டி ராஜ்யம் ஆளப் போன கதை, கல்லிலே வரிசையாகக் காத்திருக்கிறது. இரண்டு பேர் கை ஒத்துப் போனாலொழிய நகராத கோர்வைத் தறி, தாயும் பிள்ளையும் சேர்ந்து ஆடுவதற்கென்றே ஏற்பட்ட புதிரைப் போல இருக்கிறது. கோலை அசைத்து நாடா எறியும்படி ஒரு விளையாட்டைச் செய்தால், பட்டுக் கடையில் "ஏன் இவ்வளவு விலை?" என்று கேட்கும் கேள்வியாவது கொஞ்சம் குறையும்.

ஆனால் அதைச் செய்யப் புகுகிறவர்கள் முதலில் ஒரு மாதமாவது பிள்ளையார்பாளையத்துத் தறிக் குழியொன்றின் எதிர்ப்பக்கத்தில் உட்காரட்டும். அங்கே நெய்பவரே குரு; அவருக்குத் தக்க சம்பளமும் கொடுக்கட்டும். நாடாவை நாலு தடவை தவறவிட்டுத் திட்டு வாங்கினவர்கள் செய்யும் விளையாட்டில்தான் உண்மையான கோர்வை விழும். விளையாட்டு விற்றாலும் விற்காவிட்டாலும், அந்த ஒரு மாதத்தில் நாடா பிடிக்கத் தெரிந்த கைகள் ஊரிலே இரண்டு கூடியிருக்கும்.